ஓவசியரைத் தேடிப் போன நாள்

புதுச் சீமெந்தில் முதல் வாளித் தண்ணீர் விழும்போது ஒரு மணம் எழும்பும். ஈரமும் சூடும் கலந்து, மூக்கின் நுனியில் லேசாக எரிகிற மணம். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுச் சோற்றிலும், தேத்தண்ணீரிலும், என் பாடப்புத்தகங்களிலும், தலையணை உறையிலும் அந்த மணம்தான் இருந்தது. பல்லுக்குள் மணல் நறநறக்காமல் ஒரு பிடி சோறு தின்றதாக அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. ஆனால் அதை நினைக்கும்போது எனக்கு அலுப்பு வருவதில்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்முனையில் கடற்கரையை நோக்கிப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. இரண்டு அறைகள், முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் குசினி, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்த கையோடு பெற்றோர் செய்கிற முதல் வேலை இருக்கிற வீட்டை இடிப்பதுதான். எங்கள் ராத்தாவுக்கு, அதாவது என் அக்கா றிஸ்வானாவுக்கு, சம்பந்தம் முடிவான மாதமே எங்கள் விறாந்தைச் சுவரும் விழுந்தது. முன்னால் பெரிய மண்டபம், பக்கத்தில் இரண்டு புது அறைகள், அவற்றுக்கு மேல் மாடியாக ஒரு தட்டு எழுப்புவதற்குத் தோதாகத் தூண்கள் என்று திட்டம்.

வாப்பா அப்போது கட்டாரில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆண் துணை கிடையாது. உம்மாவின் மூத்த காக்கா, எங்கள் பெரிய மாமா, வந்து உட்கார்ந்து, "ஒரு கொந்தராத்துக்காரன்ட குடுத்துட்டு நீ ஒதுங்கி இருகா. மேசன்மாரோட நிண்டு கதைச்சிக் கட்டுவிக்கிறது பொம்புளைக்கி ஏலுமா?" என்று கேட்டார். உம்மா கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டே, "ஏலாட்டி உங்களத்தானே காக்கா கூப்பிடுவன்" என்றா. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மணலைச் சலித்தா. செங்கல் கட்டுவதற்கு முன் அதை ஊறப் போட வேண்டும் என்பதைக் கேட்டறிந்து காலையிலேயே ஊறப் போட்டா. எழும்பிய சுவர் காய்ந்து வெடிக்காமல் இருக்க பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஒருமுறை மாமா வந்து ஜன்னல் பிழையான இடத்தில் இருக்கிறது, தள்ளி வை என்று மேசனுக்கு உத்தரவு போட்டபோது, மேசன் கரண்டியைக் கீழே வைக்காமலே, "தங்கச்சிட்டக் கேளுங்க ஐயா, இங்க அவதான் சொல்றவ" என்றார். மாமா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அன்று நான் பள்ளிக்கூடத்தில் இதை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்த மேசன் பெயர் தவராசா. தம்பிலுவிலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். நாங்கள் அவரைத் "தவராசா பாஸ்" என்போம்; மேசன்மாரை "பாஸ்" என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. உம்மாவை விட வயதில் மூத்தவர். மெதுவாகப் பேசுகிற, வெற்றிலை போட்டால் அன்று முழுவதும் பேசாத மனிதர்.

வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் பின்னறை ஒன்றுக்குள் அடைத்திருந்தோம். கட்டில், அலுமாரி, தையல் மெசின், அரிசி மூட்டை, ராத்தாவின் கலியாணத்துக்கு வாங்கி வைத்த பீங்கான் பெட்டிகள், இவற்றுக்கு நடுவில் மிஞ்சிய இடத்தில் உம்மா, ராத்தா, நான், பிறகு எங்கள் பூனை.

பூனை ராத்தாவுடையது. ஒரு மழை நாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வரும் வழியில், மதகின் கீழே கத்திக்கொண்டிருந்த குட்டியைக் குடைக்குள் வைத்துக் கொண்டுவந்தா. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் திட்டுத் திட்டாக விழுந்த பெண் பூனை. வீட்டு வேலை தொடங்கும்வரை அதற்குப் பெயர் கிடையாது. தொடங்கிய பிறகு பார்த்தால், இவ்வளவு காலமும் இது இந்த வேலைக்காகத்தான் காத்திருந்ததா என்று தோன்றும்படி அதன் குணமே மாறிவிட்டது. திறந்து கிடக்கும் எதற்குள்ளும் தலையை விட்டுப் பார்க்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. வெறும் சீமெந்துப் பைக்குள் புகுந்து சாம்பல் நிறமாக வெளியே வரும். தண்ணீர்க் குழாய்க்குப் போட வாங்கி வைத்த பெரிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையால் நுழைந்து மறுமுனையால் தும்மிக்கொண்டு வரும். சுவர் நேர் பார்க்கத் தவராசா பாஸ் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அதை ஒரு தட்டுத் தட்டி ஆட விடும். அவரோ அது அசைவு அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பார். மட்டம் பார்க்கிற கோலின் கண்ணாடிக்குள் ஓடுகிற குமிழியை அது பார்த்துக்கொண்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மட்டம் சரியா இல்லையா என்று அதற்குத்தான் தெரியும் போலிருக்கும்.

எல்லாவற்றையும் விட ஒரு சத்தத்துக்கு அது அடிமை. கல்லைச் சாந்தின் மேல் வைத்து, கரண்டிப் பிடியால் "டொக், டொக், டொக்" என்று மூன்று தட்டுத் தட்டி, கொஞ்சம் நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பிறகு "டொக்" என்று இன்னும் ஒரு தட்டுத் தட்டுவது தவராசா பாஸின் பழக்கம். பூனை எந்த மூலையில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் எழும்பி வந்துவிடும். சுவரின் முனையில் ஏறிக் குந்தி, தலையை ஒரு பக்கம் சரித்து, புதிதாக வைத்த கல்லை உற்றுப் பார்க்கும். "வந்திட்டா ஓவசியர்! பாத்துச் சொல்லுங்க அம்மா, வேலை சரிதானே?" என்பார் பாஸ். றோட்டு வேலையும் வாய்க்கால் வேலையும் நடக்கிற இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து குறை சொல்லிவிட்டுப் போகிற ஓவசியர்மாரை எங்கள் ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாப்பா போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போதுகூட, "ஓவசியர் என்ன சொல்றா?" என்றுதான் கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை செங்கல் வந்தது. சாகாமத்துப் பக்கத்தில் செங்கல் சுடுகிற கல்வாடி ஒன்றிலிருந்துதான் எங்களுக்குக் கல் வரும். கல் உடையாமல் இருக்க உழவு டிரெக்டர் இழுத்து வரும் பெட்டியின் அடியில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். கல்லை இறக்கி, வைக்கோலைப் பெட்டிக்குள்ளேயே ஒதுக்கிவிட்டு, டிரெக்டர்க்காரர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் ஓவசியர் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை இல்லை. நானும் ராத்தாவும் தெருத் தெருவாக, ஒவ்வொரு மதிலுக்கு மேலாலும் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டோம். மீன் மார்க்கெட் பக்கமும் போனோம். இல்லை. நான் சோறு தின்னவில்லை. ராத்தா ஒரு பிடி தின்றுவிட்டு மீதியைப் பூனையின் தட்டில் போட்டு வைத்தா.

சனிக்கிழமை காலை தவராசா பாஸ் வந்ததும் உம்மா விஷயத்தைச் சொன்னா. அவர் கரண்டியைப் பைக்குள்ளிருந்து எடுத்தவர் அப்படியே நின்றார். "டிரெக்டர் நிக்கக்குள்ள பெட்டிக்குள்ள வைக்கோல்ல ஏறினத நான் கண்டநான் தங்கச்சி. இறங்கியிருக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்றார். உம்மா உடனே டிரெக்டர்க்காரருக்குப் போன் போட்டா. நாங்கள் எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தா.

"ஓம், ஒரு பூனை வந்ததுதான்," என்றது மறுபக்கத்துக் குரல். "வாடியில வைக்கோல இழுக்கக்குள்ள பாய்ஞ்சி இறங்கினது. அங்க நாலஞ்சி நாய் நிக்கிது. அதுகள் துரத்த, புதுசா அடுக்கின சூளைக்குள்ள பூந்திட்டு. நேத்தும் உள்ளுக்க கத்தினது கேட்டது. இண்டைக்கிப் பின்னேரம் சூளைக்கி நெருப்பு வைக்கிறாங்களே!"

அவர் அப்போது லோடோடு அம்பாறைக்குப் போய்விட்டிருந்தார். வாடிக்காரரின் போனுக்கு எடுத்துப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

செங்கல் சூளை என்றால் என்னவென்று அன்றுதான் பாஸ் எனக்கு விளக்கினார். காய்ந்த பச்சைக் கற்களை ஒரு வீட்டளவுக்கு அடுக்குவார்கள். அடியில் விறகு வைக்க வரிசையாக நீள வாய்கள் விட்டிருப்பார்கள். நெருப்பு வைத்துவிட்டால் பிறகு அதை யாராலும் அணைக்க முடியாது. அவர் சொல்லி முடிக்கும்போது ராத்தா அறைக்குள் போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டா.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அன்றைக்கு அஸருக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மாவும் அவரது சொந்தக்காரப் பெண்களும் வீடு பார்க்க வருவதாக இருந்தது. வேலை எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது, கலியாணத்துக்கு முன் மேல்தட்டு முடியுமா என்று பார்க்கும் வருகை. அதில் பெண் வீட்டில் இல்லாமல் இருப்பது என்பது யாரும் கேள்விப்படாத காரியம். வருகிறவர்களுக்குக் கதிரை போட்டுக்கொடுக்க வந்திருந்த மாமா வாசலில் குறுக்கே நின்றார்.

"பூனைக்கிப் பின்னால போறதா? ஒனக்கென்ன விசராகா? மாப்புள வீட்டார் வந்து பொண்ணு எங்க எண்டு கேட்டா நாங்க என்னத்தச் சொல்ற? ஊர் சிரிக்கும்!"

ராத்தா அவரோடு ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "எனக்குக் கட்டுற வீட்டு வேலையாலதானே மாமா அது இந்த நிலமைக்கு வந்திரிக்கி. அது அங்க வேக, நான் இங்க புதுச் சாரியோட கதிரையில இருந்து தேத்தண்ணி குடுக்கவா?" என்றா.

மாமா உம்மாவைப் பார்த்தார். உம்மா ஊறப்போட்ட கற்களில் ஒன்றை எடுத்துத் தண்ணீரை உதறி அடுக்கி வைத்தா. பிறகு, "போயிட்டு வா மகள். சின்னவளையும் கூட்டிட்டுப் போ. வாறவங்களுக்கு நான் பதில் சொல்றன்" என்றா.

"என்ன பதில் சொல்லப் போற?" என்றார் மாமா.

"நடந்தத."

உம்மா பொரித்த நெத்தலி மீனை ஒரு டப்பாவில் போட்டுத் தந்தா. தவராசா பாஸ் வெளியே வந்து, "குளத்துக்கட்டோட போனா பொன்னுத்துரையர்ட வாடி எண்டு ஆரும் காட்டுவாங்க. தவராசா அனுப்பின எண்டு சொல்லுங்க புள்ள" என்றார்.

அந்தப் பயணத்தை என்னால் இன்றைக்கும் ஒவ்வொரு தரிப்பிடமாகச் சொல்ல முடியும். நிந்தவூரில் பஸ் நிரம்பியது. அட்டாளைச்சேனையில் நெருக்கத்தில் ராத்தாவின் கையை விட்டுவிடுவேனோ என்று பயந்து அபாயாவின் நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கரைப்பற்றுச் சந்தியில் நெல் மூட்டை ஏற்றிய லொறிகளுக்கு இடையால் அவ வேகமாக நடந்து, நின்ற ஓட்டோக்காரர்களில் மூத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "சாகாமம் போகணும் காக்கா, நெருப்பு வைக்க முன்ன போகணும்" என்றா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் வண்டியை எடுத்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிற என் ராத்தா இப்படி நடுச் சந்தியில் நின்று கதைப்பா என்று எனக்குத் தெரியாது. அன்றுதான் தெரிந்தது.

வயல் வெளியைக் கடந்து குளத்துக்கட்டு ஏறியதும் தூரத்திலேயே சூளை தெரிந்தது. கிட்டப் போனபோது கர்ப்பூர மணம் வந்தது. சூளைக்கு முன்னால் வாழையிலை விரித்து, தேங்காய் உடைத்து, பூசை முடிந்திருந்தது. அடி வாய்களில் எல்லாம் விறகு அடுக்கியிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் கையில் பந்தமாகக் கட்டிய தென்னோலைச் சூளோடு நின்றார். சூள் எரிந்துகொண்டிருந்தது.

ராத்தா ஓட்டோ நிற்க முன்னரே இறங்கி ஓடினா. "ஐயா! ஐயா, பொறுங்க! தவராசா பாஸ் அனுப்பினவர். எங்கட பூனை உள்ளுக்க இரிக்கி."

பொன்னுத்துரையர் திரும்பினார். "அந்தப் பூனையோ? காலையில கத்தினதுதான். இப்ப சத்தமில்ல. அது எப்பவோ போயிருக்கும் புள்ள."

"போனதக் கண்டீங்களா ஐயா?"

"காணல்ல."

"அப்ப உள்ளுக்கதான். ஒரு உசிரு கெடக்கு ஐயா உள்ள."

அவர் வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் மெதுவாக, எங்களுக்கா தனக்கா என்று தெரியாமல். அந்த அம்மா, "நேரம் இன்னொண்டு வரும், கீழ வையுங்க" என்றா. அவர் ஓலைப் பந்தத்தை மணலில் குத்தி அணைத்தார். பிறகு வேலையாட்களைப் பார்த்து, "விறக வெளிய இழுங்கடா" என்று சத்தம் போட்டார். எங்கள் மதத்துக்காரரும் அல்லாத, எங்களை அறிந்தவரும் அல்லாத ஒரு மனிதர் தன் நல்ல நேரத்தை ஒரு பூனைக்காக மணலில் குத்தியதை என் கண்ணால் பார்த்தேன்.

ராத்தா நெத்தலி டப்பாவை வைத்துக் கூப்பிட்டா. ஒவ்வொரு வாயாகக் குனிந்து கூப்பிட்டா. நடு வாய்க்கு முன்னால் வயிற்றோடு படுத்து, தலையும் தோளும் உள்ளே போகும்வரை நுழைந்தா. வேலையாட்கள் எல்லோரும் ஒருவர் சொல்லாமலே மறுபக்கம் திரும்பிக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. ராத்தா வெளியே வந்தபோது கறுப்பு அபாயா செம்மண் நிறமாகியிருந்தது. முன்பு எரிந்த சூளையின் கரி நெற்றியில் இழுபட்டிருந்தது. பொன்னுத்துரையரின் மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டினா. ராத்தா வாங்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டா. எனக்கு அழுகை வந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ராத்தா பக்கத்தில் கிடந்த ஒரு அரைக் கல்லை எடுத்தா. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு எழும்பிப் போய், சூளையின் சுவரில் அந்தக் கல்லால் தட்டினா. டொக், டொக், டொக். நிறுத்தினா. தலையைச் சரித்துக் கண்ணைச் சுருக்கினா, உண்மையிலேயே மட்டம் பார்க்கிறவ போல. டொக்.

எல்லோரும் அவவைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும்தான் விளங்கியது.

மறுபடியும் மூன்று. நிறுத்தம். ஒன்று.

யாரும் நினைத்துப் பார்க்காத கடைசி வாயில் ஏதோ அசைந்தது. உடம்பெல்லாம் சாம்பலும் புழுதியுமாக, நிறம் மூன்றும் ஒன்றாகி, மீசை ஒரு பக்கம் வளைந்து, எங்கள் ஓவசியர் வெளியே வந்தா. ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, ராத்தா தட்டிய இடத்துக்கு எதிரே குந்தி, தலையைச் சரித்துக் கல்லைப் பார்த்தா.

முதலில் சிரித்தவர் பொன்னுத்துரையர்தான். "அட, இவ என்ன, நம்மட அடுக்கு சரியா எண்டு பாக்க வந்தவவா?"

"ஓம் ஐயா, அது ஓவசியர்" என்றேன் நான். அந்த வாடியே சிரித்தது. ராத்தா பூனையைத் தூக்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டு சிரித்தாவா அழுதாவா என்று இன்றைக்கும் நான் கேட்டதில்லை.

ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் பூனையை வைத்து, சர்க்கரையைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்க வைத்துத்தான் அவர்கள் எங்களை அனுப்பினார்கள். விறகை மீண்டும் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கோ இனித்தான் பெரிய பயம் இருந்தது. பஸ்ஸில் எல்லோரும் ராத்தாவின் உடுப்பைப் பார்த்தார்கள். அவ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. காரைதீவு தாண்டியபோது மெல்ல, "நீ பயப்படாத. கேட்டா நான் சொல்றன்" என்று மட்டும் சொன்னா.

வீட்டில் நடந்ததைத் தவராசா பாஸ் பிறகு எங்களுக்குச் சொன்னார். வந்தவர்கள் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்து, "புள்ள எங்க?" என்று கேட்டதும் மாமா முந்திக்கொண்டு, "பயிற்சிக்குப் போயிரிக்கா, அவசர கூட்டமாம்" என்றாராம். உம்மா கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றபடியே, "இல்ல. காக்கா தெரியாமச் சொல்றாங்க. எங்கட வீட்டுப் பூனை சாகாமத்துச் சூளைக்குள்ள மாட்டிட்டு. அதத் தேடி நான்தான் அனுப்பின" என்றாவாம். கூட வந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாவாம். மாமா வெளியே போய்விட்டாராம். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு, எழும்பாமல் உட்கார்ந்திருந்தாவாம்.

நாங்கள் உள்ளே வந்தபோது அந்தி மஃரிப் தொழுகைக்கு முந்திய வெளிச்சம் அந்தக் கூரையில்லா மண்டபத்தில் விழுந்துகொண்டிருந்தது. ராத்தாவைக் கண்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் சாம்பல், நெற்றியில் கரி, கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அவ எல்லோருக்கும் ஸலாம் சொன்னா. மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முன்னால் போய் நின்று, "சுணங்கிட்டு மாமி. குறை நினைக்காதீங்க. போகாம இருக்க ஏலாமப் போச்சி" என்றா.

அந்த மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டா. "முதல்ல இந்தப் புள்ளைக்கித் தண்ணி குடுங்க" என்றா. பிறகு, "கெடச்சிதா?" என்று கேட்டா. ராத்தா பெட்டியைத் திறந்தா. ஓவசியர் தலையை வெளியே நீட்டி, வந்திருந்த அவ்வளவு பேரையும் ஒவ்வொருவராகப் பார்வையிட்டா. வாயைப் பொத்திச் சிரித்த அந்தப் பெண் கதிரையைப் பின்னுக்கு இழுத்தா. மாமி கையை நீட்டிப் பூனையின் நெற்றிச் சாம்பலைத் தட்டிவிட்டா. என்ன நடந்தது, எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டா. கல்லைத் தட்டிய கதையை நான்தான் சொன்னேன். தவராசா பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தட்டியும் காட்டினார். பூனை பெட்டியிலிருந்து பாய்ந்து சுவரில் ஏறிக் குந்திக்கொண்டது.

சம்பந்தம் முறியவில்லை. அடுத்த கிழமை அந்த வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேல்தட்டை ஆறுதலாகப் பிறகு கட்டலாம், பெண்ணின் உம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று. பின்பக்கச் சுவர் பூசாமலே கலியாணம் நடந்தது. மாமா மாத்திரம் கனநாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உம்மா அதைப் பற்றி வாப்பாவிடம் சொல்லும்போது, "இங்க ஒரு பிரச்சினையும் இல்ல, சுவர் நல்லா எழும்புது" என்று மட்டும் சொன்னதைக் கேட்டேன். பிறர் முன்னால் மூத்த சகோதரனைத் திருத்துவது உம்மாவுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு விளங்கியது, என் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவர்களைப் போல ஊரில் வேறு யாரும் இல்லை என்பது மட்டும்தான்.

ஓவசியர் ராத்தாவின் வீட்டில், ராத்தாவின் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கும் காலம்வரை வாழ்ந்து, முதுமையில் செத்தா. தவராசா பாஸ் வேலையை விட்டுவிட்டார். அந்த மாமியும் இப்போது இல்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் வீடு இடிக்கிறார்கள், கட்டுகிறார்கள். ஆனால் பச்சை வலை போட்டு மூடி, லொறியில் வரும் சீமெந்துக் கற்களால் கட்டுகிறார்கள். வைக்கோல் பரப்பிய டிரெக்டர்ப் பெட்டி வருவதில்லை. மணல் கும்பியில் பிள்ளைகளையும் காணவில்லை, பூனைகளையும் காணவில்லை.

சென்ற வருடம் சாகாமத்தில் ஒரு கலியாணத்துக்கு ராத்தா குடும்பத்தோடு நானும் போனேன். குளத்துக்கட்டில் ராத்தா வண்டியை நிறுத்தச் சொன்னா. இறங்கி நின்று பார்த்தா. சூளை இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது; களிமண் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. "என்ன உம்மா பாக்குறீங்க? இங்க ஒண்டும் இல்லையே" என்று மகள் கேட்டாள். "ஓம் மகள், இப்ப ஒண்டும் இல்ல" என்றுவிட்டு ராத்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் பள்ளத்தின் ஓரம்வரை நடந்து போனா.

வண்டிக்குள் இருந்த மச்சான், ராத்தாவின் கணவர், பிள்ளைகளிடம் கதையைச் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் முடிவில் அவர் சொன்ன ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

"அண்டைக்கு வீடு பாத்துட்டு உங்கட வாப்பும்மா வந்தாங்க. வந்து உங்கட உம்மாவப் பத்தியும் பூனையப் பத்தியும் இஷா தொழுகை வரைக்கும் கதைச்சிட்டே இருந்தாங்க. நான் கடைசியில பொறுக்க ஏலாமக் கேட்டன், வீடு எப்பிடி உம்மா எண்டு. 'வீடா?' எண்டு என்னப் பாத்தாங்க. 'அத நான் எங்க மகனே பாத்த?'"